முன்னால் போகும் கார் சொல்வதை உங்கள் கார் நம்பலாமா? வாகனங்கள் பேசிக்கொள்ளும் காலத்தின் சைபர் கணக்கு

நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் ஒரு லாரி. லாரிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அங்கே ஒரு கார் சடன் பிரேக் அடிக்கிறது. லாரியின் பிரேக் லைட் எரிந்து, அது உங்கள் கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் உங்கள் கார் கிட்டத்தட்ட 42 மீட்டர் ஓடியிருக்கும்.

அந்த முதல் கார் பிரேக் அடித்த அதே நொடியில், "நான் நிற்கப்போகிறேன்" என்று ரேடியோ வழியாக உங்கள் காருக்கு நேரடியாகச் சொல்லிவிட்டால்? இதற்குப் பெயர்தான் வி-டு-வி. அதாவது வாகனத்துக்கும் வாகனத்துக்கும் இடையிலான நேரடித் தொடர்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உடனே இன்னொரு கேள்வி வருகிறது: அந்தச் செய்தியை அனுப்பியது நிஜமாகவே முன்னால் போகும் கார்தானா, இல்லை சாலையோரம் லேப்டாப்புடன் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவரா?

இணைப்பு வசதியுள்ள கார்களை விற்கும் விளம்பரங்கள் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை. நாம் தொடுவோம்.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

முதலில் எண்களைப் பார்ப்போம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு 19 உயிர்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு: 64,105. விபத்துகளை வகை பிரித்துப் பார்த்தால், பின்னாலிருந்து வந்து மோதியவை மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். வி-டு-வி எச்சரிக்கை நேரடியாக உதவக்கூடிய வகை இது.

2026-ன் தொடக்கத்தில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, இந்திய வாகனங்களில் வி-டு-வி தொழில்நுட்பத்தைக் கொண்டுவரும் திட்டத்தை அறிவித்தார். அதற்கு வெகுநாள் முன்பே நம் வண்டிகள் இணையத்துக்கு வந்துவிட்டன. 2019-ல் எம்ஜி ஹெக்டரும் ஹூண்டாய் வென்யூவும் 'இணைக்கப்பட்ட கார்' என்ற அடையாளத்தோடுதான் விற்பனைக்கு வந்தன. இன்று ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் வெளிவரும் மின்சார ஸ்கூட்டர்கள்கூட போன் மாதிரி சாப்ட்வேர் அப்டேட் வாங்குகின்றன.

அதனால் இந்தத் தொழில்நுட்பம் வேண்டுமா வேண்டாமா என்று விவாதிக்கும் கட்டத்தைத் தாண்டிவிட்டோம். தள்ளிப்போடுவதற்கும் ஒரு விலை உண்டு, அதை உயிர்களில்தான் கணக்கிட வேண்டும். எப்படிப் பாதுகாப்பாகக் கொண்டுவருவது என்பதுதான் பேசவேண்டிய விஷயம்.

கார்கள் அப்படி என்னதான் பேசிக்கொள்ளும்?

ரொம்பச் சின்னச் செய்திதான். நான் எங்கே இருக்கிறேன், என்ன வேகம், எந்தத் திசை, பிரேக் அழுத்தியிருக்கிறேனா. அவ்வளவுதான். சில நூறு பைட் அளவுள்ள இந்தச் செய்தியை ஒவ்வொரு வண்டியும் வழக்கமாக நொடிக்கு 10 முறை ஒலிபரப்பும். சில நூறு மீட்டர் சுற்றளவில் இருக்கும் எல்லா வண்டிகளும் அதைக் கேட்கும். 5.9 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையைப் பல நாடுகளில் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நேரடி ரேடியோ என்பதால் மொபைல் டவரோ இன்டர்நெட்டோ தேவையில்லை. சிக்னல் கிடைக்காத மலைப்பாதையிலும் வேலை செய்யும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. இந்தச் செய்திகளை யாரும் ரகசியக் குறியீடாக்கி அனுப்புவதில்லை. வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் நண்பருக்கும் மட்டும் புரிந்தால் போதும். ஆனால் "பிரேக் அடிக்கிறேன்" என்பது முன்பின் தெரியாத எல்லா வண்டிகளுக்கும் புரியவேண்டும். அதனால் இங்கே பூட்டுக்கு வேலையில்லை. கையெழுத்துக்குத்தான் வேலை.

கையெழுத்து என்றால்?

வேலை நிமித்தமாக டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்களா? கம்பெனிப் பதிவுக்கோ டெண்டருக்கோ யூஎஸ்பி டோக்கனில் தருவார்களே, அதே தத்துவம்தான். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் ஒரு ரகசியச் சாவி இருக்கும். வெளியே எடுக்க முடியாதபடி ஒரு பாதுகாப்புச் சிப்புக்குள் அதைப் பூட்டி வைத்திருப்பார்கள். செய்தி அனுப்பும்போது வண்டி அந்தச் சாவியால் கையெழுத்திடும். கூடவே, "இந்தச் சாவி அங்கீகரிக்கப்பட்ட வண்டியுடையது" என்று ஒரு நம்பகமான அமைப்பு கொடுத்த சான்றிதழையும் சேர்த்து அனுப்பும். கேட்கும் வண்டி இரண்டையும் சரிபார்க்கும். பொருந்தவில்லை என்றால் செய்தியைத் தூக்கி எறிந்துவிடும்.

பழைய செய்தியைப் பதிவுசெய்து மறுபடி ஒலிபரப்பினால்? செய்திக்குள் நேரமும் இடமும் இருக்கின்றன, அவையும் கையெழுத்துக்குள் அடக்கம். நேற்று ஶ்ரீபெரும்புதூரில் அனுப்பிய செய்தியை இன்று விழுப்புரத்தில் ஓட்டிக்காட்ட முடியாது.

வேலை எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். நெரிசலில் உங்களைச் சுற்றி 100 வண்டிகள். ஒவ்வொன்றும் நொடிக்கு 10 செய்தி. அப்படியென்றால் உங்கள் வண்டி நொடிக்கு 1,000 கையெழுத்துகளைச் சரிபார்க்க வேண்டும். அதுவும் எந்த சர்வரையும் கேட்காமல், அங்கேயே, அப்போதே. விலை குறைவு என்பதற்காக இந்த வேலையைத் தாங்காத சிப்பைப் போட்டால், பாதுகாப்புச் சோதனையையே தாமதமாக்கும் அல்லது தவிர்க்கும் வண்டி ஒன்று சாலையில் ஓடும்.

கையெழுத்து இருந்தால் என்னைப் பின்தொடரலாமே?

நல்ல கேள்வி. வண்டி ஒரே சான்றிதழை வைத்துக்கொண்டு நொடிக்கு 10 முறை "நான் இங்கே இருக்கிறேன்" என்று கத்திக்கொண்டே போனால், சாலையோரம் நாலு ரிசீவர் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் உங்கள் நாளை வரைந்துவிடலாம். காலை எத்தனை மணிக்குக் கிளம்பினீர்கள், எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், யார் வீட்டு வாசலில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், எல்லாமே தெரிந்துவிடும்.

இதற்கு அமெரிக்காவில் வடிவமைத்த தீர்வு புனைபெயர்ச் சான்றிதழ்கள். வண்டிக்கு வாரத்துக்கு 20 சான்றிதழ்கள் கிடைக்கும். எதிலும் உங்கள் பெயரோ பதிவெண்ணோ இருக்காது. வண்டி அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். எந்தப் புனைபெயர் எந்த வண்டியுடையது என்ற தகவலையும் ஒரே இடத்தில் வைக்காமல் வெவ்வேறு அமைப்புகளிடம் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஒரு அமைப்பு மட்டும் நினைத்தால் உங்களைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டுப் பீரோவுக்கு இரண்டு சாவி போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்வது மாதிரி.

இதை இந்திய அளவில் யோசிச்சுப் பாருங்க. 2024-25 நிதியாண்டில் இங்கே விற்ற பயணிகள் வாகனங்கள் சுமார் 43 லட்சம். வாரத்துக்கு 20 என்றால் ஒரு வண்டிக்கு ஆண்டுக்கு 1,040 சான்றிதழ். ஒரே ஆண்டில் விற்ற கார்களுக்கு மட்டும் கிட்டத்தட்ட 447 கோடி சான்றிதழ்கள் தேவை, அதுவும் ஒவ்வோர் ஆண்டும். டூவீலர்களை இன்னும் சேர்க்கவே இல்லை. அவை அதே ஆண்டில் ஏறத்தாழ 1.96 கோடி விற்றன. இந்த அளவில் இயங்கும் ஒரு கட்டமைப்பை யார் கட்டுவார்கள், யார் நடத்துவார்கள் என்பது சாதாரணக் கேள்வி இல்லை.

கையெழுத்து உண்மை, தகவல் பொய்

இப்போதுதான் சிக்கலான இடத்துக்கு வருகிறோம். யார் சொன்னது என்பதைத்தான் கையெழுத்து நிரூபிக்கும். சொன்னது உண்மையா என்பதை அதனால் நிரூபிக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற ஒரு வண்டியே பொய் சொன்னால் என்ன ஆகும்? அது மூன்று வழிகளில் நடக்கலாம்.

முதலாவது, வேண்டுமென்றே சொல்லும் பொய். 2020-ல் பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் ஒரு சின்னக் கைவண்டியில் 99 போன்களைப் போட்டு, காலியான தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். 99 பேர் வண்டியில் ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்த கூகுள் மேப்ஸ், அந்தத் தெருவைச் சிவப்பாகக் காட்டியது. அவர் எதையும் ஹேக் செய்யவில்லை. 99 போன்களும் நிஜம், காட்டிய இடமும் நிஜம், நெரிசல்தான் இல்லை. வி-டு-வி உலகில் இதற்கு இணையானது 'பேய் வண்டி'. ஒரே கருவியிலிருந்து திருடிய 20 சான்றிதழ்களை ஒரே நேரத்தில் பயன்படுத்தி, இல்லாத 20 வண்டிகளைச் சாலையில் நிறுத்திக் காட்டலாம்.

இரண்டாவது, வண்டிக்கே தெரியாமல் சொல்லும் பொய். வண்டி தன் இடத்தை ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் சிக்னலை வைத்துத்தான் கணிக்கிறது. போலி சிக்னல் கொடுத்து அதைக் குழப்பலாம். டெல்லி விமான நிலையத்தை ஒட்டி விமானங்களுக்கு இப்படிப் போலி ஜிபிஎஸ் சிக்னல் வந்ததை 2025 டிசம்பரில் மத்திய அரசே நாடாளுமன்றத்தில் உறுதிசெய்தது. விமானத்தில் பயிற்சி பெற்ற இரண்டு விமானிகளும், மாற்றுக் கருவிகளும், தரைக் கட்டுப்பாட்டு மையமும் இருக்கின்றன. காரில் நீங்கள் மட்டும்தான்.

மூன்றாவது, வண்டிக்குள்ளேயே நடக்கும் பித்தலாட்டம். பிரேக், ஸ்டீயரிங், கதவு என்று காரின் பாகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது 'கேன் பஸ்' என்ற உள் வலைப்பின்னலில். பாஷ் நிறுவனம் 1986-ல் அறிமுகப்படுத்திய தொழில்நுட்பம் இது. கார் இணையத்துக்கு வரும் என்று யாரும் நினைக்காத காலம் அது. அதனால், செய்தி அனுப்புவது யார் என்று சரிபார்க்கும் வசதி அதில் இல்லை. வீட்டுக்குள் வந்தவர் எல்லாம் வீட்டுக்காரர்தான் என்று நம்பும் அமைப்பு. பாட்டு கேட்கும் திரை வழியாக ஒருவர் உள்ளே நுழைந்தால், "பிரேக் அழுத்தப்பட்டது" என்ற பொய்த் தகவலை உள்ளே போடலாம். வண்டி அதை நம்பி, நிஜச் சாவியால் கையெழுத்திட்டு, ஊருக்கெல்லாம் சொல்லும்.

இவற்றுக்கு என்ன மருந்து? ஒன்று, உள் சுவர்கள்: பாட்டுத் திரையிலிருந்து பிரேக்குக்கு நேர்வழி இருக்கவே கூடாது. இரண்டு, பகுத்தறிவுச் சோதனை: ஒரு வண்டி ஒரு நொடியில் 500 மீட்டர் தாவியதாகச் சொன்னால், கையெழுத்து எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் நம்பக்கூடாது. மூன்று, குறுக்கு விசாரணை: முன்னால் வண்டி நிற்கிறது என்று ரேடியோ சொல்லும்போது கேமராவும் ரேடாரும் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். நான்கு, தொடர்ந்து பொய் சொல்லும் வண்டியின் சான்றிதழை ரத்துசெய்து, அந்தப் பட்டியலை மற்ற வண்டிகளுக்குச் சேர்ப்பது.

இன்னொரு தாக்குதலையும் சொல்லியாக வேண்டும். ஜாமர் வைத்து அலைவரிசையையே அடைத்துவிட்டால் எந்தக் கையெழுத்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் வி-டு-வி ஒரு கூடுதல் எச்சரிக்கையாக இருக்கலாமே தவிர, அதை மட்டும் நம்பிப் பிரேக் போடும் வண்டி கூடாது.

இதுவரை நிஜத்தில் எங்கே அடி விழுந்திருக்கிறது?

சினிமாவில் காட்டுவது போல ஒருவர் இன்னொருவர் காரை ரிமோட்டில் பள்ளத்தில் தள்ளிய சம்பவங்களை வைத்து பயமுறுத்தப் போவதில்லை. 2015 முதல் வெளியில் வந்த முக்கியமான நிகழ்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு ஒரு கதை தெரிகிறது.

• 2015, ஜீப் செரோக்கி: சார்லி மில்லர், கிறிஸ் வலசெக் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்க நெடுஞ்சாலையில் ஒரு பத்திரிகையாளர் அவர் சம்மதத்துடன் ஓட்டிய ஜீப்பை வீட்டில் உட்கார்ந்தபடியே கட்டுப்படுத்திக் காட்டினார்கள். நுழைந்த வழி, காரின் பொழுதுபோக்குத் திரைக்கு இருந்த மொபைல் இணைப்பு. அந்த நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

• 2015, காப்பீட்டு டாங்கிள்: அதே ஆண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காரில் செருகும் ஒரு சின்னக் கருவிக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே ஒரு கார்வெட் காரின் பிரேக்கைக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள்.

• 2023, டொயோட்டா: ஜப்பானில் சுமார் 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் வாகனத் தகவல் ஏறத்தாழ 10 ஆண்டுகள் வெளியிலிருந்து பார்க்கக்கூடிய நிலையில் இருந்ததாக நிறுவனமே அறிவித்தது. காரணம், கிளவுட் அமைப்பில் ஒரு தவறான செட்டிங்.

• 2024, கியா: அமெரிக்காவில் நம்பர் பிளேட்டை மட்டும் வைத்துக்கொண்டு காரைத் திறக்கவும், ஸ்டார்ட் செய்யவும், இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கவும் முடிந்ததை ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஓட்டை இருந்தது டீலர்களுக்கான இணையதளத்தில். வெளியே சொல்வதற்கு முன்பே நிறுவனம் அதைச் சரிசெய்துவிட்டது.

• 2024, ஃபோக்ஸ்வாகன் குழுமம்: சுமார் 8 லட்சம் மின்சார கார்களின் தரவு, அவற்றில் 4.6 லட்சம் கார்களின் இருப்பிடத் தகவல் உட்பட, கிளவுடில் பாதுகாப்பில்லாமல் கிடந்ததை ஜெர்மனியின் டெர் ஷ்பீகல் இதழும் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பும் வெளிக்கொண்டுவந்தன.

• 2025, ஜாகுவார் லேண்ட் ரோவர்: அப்போது டாடா மோட்டார்ஸுக்குச் சொந்தமாக இருந்த இந்த நிறுவனத்தின் மீதான சைபர் தாக்குதலால் பிரிட்டனில் உற்பத்தி ஐந்து வாரத்துக்கு முடங்கியது. பிரிட்டன் பொருளாதாரத்துக்கு ஏற்பட்ட பாதிப்பு 190 கோடி பவுண்ட் என்று அங்குள்ள சைபர் கண்காணிப்பு மையம் மதிப்பிட்டது.

பட்டியலை மறுபடி பாருங்க. காருக்கும் காருக்கும் இடையிலான ரேடியோவை உடைத்து நடந்தது ஒன்றுகூட இல்லை. மொபைல் இணைப்பு, கிளவுட் செட்டிங், டீலர் போர்ட்டல், அலுவலக நெட்வொர்க் என்று எல்லாமே நாம் தினமும் வேலை பார்க்கும் அதே ஐடி உலகத்தின் ஓட்டைகள். வி-டு-வி பரவலாக ஓடவில்லை என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. சாலையில் நின்று ஒரு வண்டியைத் தாக்குவதைவிட, ஒரு சர்வரைத் தாக்கினால் லட்சம் வண்டிகள் கைக்குள் வரும். நாளை சான்றிதழ் கொடுக்கும் அமைப்பும் ஒரு சர்வர்தான். தாக்குபவர்கள் முதலில் தட்டப்போகும் கதவு அதுவாகத்தான் இருக்கும்.

பயம் தேவையில்லாத இடங்களும் உண்டு. 2022-ல், ஸ்மார்ட்வாட்ச் வைத்து ஃபாஸ்டேக் பணத்தைத் திருடுவதாக ஒரு வீடியோ வைரலானது நினைவிருக்கலாம். அது சாத்தியமே இல்லை என்று தேசிய பணப்பரிவர்த்தனைக் கழகம் விளக்கம் கொடுத்தது. இல்லாத ஆபத்தைப் பார்த்து அலறினோம், டீலர் போர்ட்டலின் பாஸ்வேர்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

உலக அளவில் அளவுகோல், 2020-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. ஒழுங்குமுறை 155. கார் நிறுவனம் சைபர் பாதுகாப்புக்கு ஒரு மேலாண்மை அமைப்பை வைத்திருக்க வேண்டும், வண்டி விற்ற பிறகும் கண்காணிக்க வேண்டும் என்பது சாரம். சாப்ட்வேர் அப்டேட்டுக்குத் துணை விதி 156. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயம். விதிக்குப் பல் இருக்கிறது: பழைய மின்னணு அமைப்பை மாற்றுவது கட்டுப்படியாகாது என்பதால் போர்ஷே, பெட்ரோல் மக்கான் காரின் விற்பனையையே அங்கே நிறுத்திக்கொண்டது.

இந்தியா இந்த விதி அடங்கிய 1958 உடன்படிக்கையில் இல்லை. அதனால் தானாக நம்மைக் கட்டுப்படுத்தாது. இங்கே அதை ஒட்டி ஏஐஎஸ்-189, ஏஐஎஸ்-190 என்ற தரநிலைகளை எழுதியிருக்கிறார்கள். முதலாவது சைபர் பாதுகாப்புக்கு, இரண்டாவது சாப்ட்வேர் அப்டேட்டுக்கு. ஆனால் தரநிலை எழுதுவது ஒரு படிதான். எந்தத் தேதி முதல், எந்த வகை வண்டிக்கு, மீறினால் என்ன என்று சட்டத்தில் வந்து அமல்படுத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் கார் இந்தச் சோதனையைத் தாண்டித்தான் போகிறது. உள்ளூர் ஷோரூமில் நிற்கும் கார்? வாங்குபவர் கேட்கவேண்டிய கேள்வி இது.

மற்ற சட்டங்களும் ஓரளவு தொடுகின்றன. சைபர் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது செர்ட்-இன் அமைப்பின் 2022 உத்தரவு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ன்படி தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் தரவைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதே சட்டம் அரசு அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கவும் வழி வைத்திருக்கிறது.

ஏற்கெனவே ஒரு அனுபவமும் நமக்கு இருக்கிறது. பேருந்து, டாக்ஸி போன்ற பொதுப் போக்குவரத்து வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பொத்தானும் வேண்டும் என்ற ஏஐஎஸ்-140 விதி, புதிய வண்டிகளுக்கு 2019 ஜனவரியில் அமலுக்கு வந்தது. பெண்கள் பாதுகாப்புக்காக வந்த நல்ல விதி. ஆனால் எந்த நேரத்தில் எந்த வண்டி எங்கே என்ற தகவல் முழுக்க ஓரிடத்தில் சேர்கிறது. அந்த இடத்துக்கு என்ன பூட்டு என்பதும் அதே அளவு முக்கியம்.

பதில் வேண்டிய ஐந்து கேள்விகள்

1. மூலச்சாவி யாரிடம்? எல்லாச் சான்றிதழ்களுக்கும் ஆதாரமான அந்த ஒரு சாவி சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடமா, தொலைத்தொடர்புத் துறையிடமா, டிஜிட்டல் கையொப்பங்களை மேற்பார்வையிடும் சிசிஏ அலுவலகத்திடமா, தனியார் நிறுவனத்திடமா? ஒரே அமைப்பிடம் எல்லாவற்றையும் கொடுத்தால் புனைபெயர் என்பதே பெயரளவுக்குத்தான்.

2. செலான் வருமா? உங்கள் வண்டி தானே அறிவிக்கும் வேகத்தை வைத்து உங்களுக்கு அபராதம் விதிப்பார்களா? "கூடாது" என்று விதியில் எழுதாவிட்டால், மக்கள் கருவியைக் கழற்றிப்போடத் தொடங்குவார்கள். கழற்றினால் விபத்தும் தடுக்கப்படாது.

3. 15 ஆண்டுக்கு அப்டேட் உண்டா? காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். நல்ல போனுக்கே 7 ஆண்டு அப்டேட் கொடுத்தால் பெரிய விஷயம் என்கிறோம். ஒன்பதாவது ஆண்டில் ஓட்டை கண்டுபிடித்தால் யார் அடைப்பது? நிறுவனம் நாட்டைவிட்டே போயிருந்தால்?

4. டூவீலர்? 2022-ல் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். கார்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொண்டால், அதிகம் இறப்பவர்கள் அந்த உரையாடலில் இல்லை. விலை குறைந்த கருவியை ஸ்கூட்டரில் வைத்தால், பாதுகாப்புச் சிப்பில் கைவைக்கத் தோன்றும்.

5. குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால்? இன்றைய வி-டு-வி கையெழுத்து 64 பைட். குவாண்டம் தாக்குதலைத் தாங்கும் வகையில் அமெரிக்காவின் நிஸ்ட் 2024-ல் வெளியிட்ட எம்எல்-டிஎஸ்ஏ தரநிலையில் மிகச்சிறிய கையெழுத்தே 2,420 பைட். சில நூறு பைட் செய்திக்கு 2,420 பைட் கையெழுத்து என்றால், சட்டையைவிடப் பொத்தான் பெரியது. இன்று விற்கும் வண்டி 2040-லும் ஓடும் என்பதால், கையெழுத்து முறையைப் பின்னாளில் மாற்றிக்கொள்ளும் வழியை இப்போதே வைத்தாக வேண்டும்.

சரி, இன்றைக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

வி-டு-வி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் வண்டியில் ஆப் இருந்தால் இவை இப்போதே பொருந்தும்.

• செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால், ஆர்சி மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். பழைய உரிமையாளரின் கணக்கை நிறுவனத்திடம் சொல்லி நீக்கச் செய்யுங்கள். இல்லையென்றால் அவர் போனிலிருந்து உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியலாம். விற்கும்போதும் அப்படியே: கணக்கை நீக்கி, திரையை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.

• "பிறகு பார்க்கலாம்" என்று அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். புது அம்சம் வந்ததாக விளம்பரப்படுத்துவார்கள், ஓட்டை அடைத்ததைச் சத்தமாகச் சொல்லமாட்டார்கள்.

• ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில், ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத புளூடூத் டாங்கிளை நிரந்தரமாகச் செருகி வைக்காதீர்கள். அது நேராகக் காரின் உள் வலைப்பின்னலுக்குத் திறக்கும் கதவு.

• கார் ஆப்பின் பாஸ்வேர்ட் வேறு எதற்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். ஓடிபி இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இருந்தால் போட்டுவிடுங்கள்.

• ஷோரூமில் மைலேஜ் கேட்கும்போது இதையும் கேளுங்கள்: பாதுகாப்பு அப்டேட் எத்தனை ஆண்டுக்கு? இணைப்புச் சந்தா முடிந்த பிறகும் வருமா? என் இருப்பிடத் தகவலை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? விற்பனையாளருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். ஆனால் மாதம் நூறு பேர் கேட்டால், அந்தக் கேள்வி தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும்.

கடைசியாக, இதைப் படிப்பவர்களில் சிலர் ஓஎம்ஆரிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து இந்த வண்டிகளுக்கான கோடையே எழுதிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்குத் தனியாக ஒன்று. சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் இங்கே கட்டாயமாக வெகுகாலம் ஆனது. அதுவரை விற்ற வண்டிகளில் அவற்றைப் பின்னால் சேர்ப்பது கிட்டத்தட்ட நடக்கவே இல்லை. கையெழுத்துச் சிப்பும் அப்படித்தான். முதல் தொகுதி வண்டிகளில் இல்லாவிட்டால், அந்த வண்டிகள் 15 ஆண்டுக்கு நம் பக்கத்து லேனில் ஓடும். விதி இறுதியாகும் முன்பு வரைவு பொதுக் கருத்துக்கு வரும்போது, ஐந்து கேள்விகளில் ஒன்றையாவது எழுதி அனுப்புங்கள்.